காது எங்கே வெட்டுகிறது? இயல்பான பேச்சைப் பொருள்துண்டுகளாகப் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கீழே இருப்பதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். நிறுத்தற்குறிகளை வேண்டுமென்றேதான் போடவில்லை.

நான் என்ன சொல்ல வந்தேன்னா வந்து அந்த போன் வாங்கினேன்ல அது ரெண்டே நாள்ல நின்னுபோச்சு சரி கொண்டுபோய் குடுக்கலாம்னு பார்த்தா பில்ல காணோம் வீடு முழுக்க தேடி அப்புறம் பார்த்தா பில்லு போன் கவர்க்குள்ளயே இருக்கு

எட்டு ஒன்பது இடத்திலாவது உங்கள் குரல் தானாக நின்று கிளம்பியிருக்கும். இதில் எத்தனை வாக்கியம் என்று கேட்டால் நாம் தடுமாறுவோம், சண்டைகூடப் போடுவோம். எத்தனை துண்டு என்று கேட்டால் அவ்வளவு தடுமாற்றம் இருக்காது. தயாரிக்காமல் பேசும் பேச்சில் வாக்கியம் என்பது பெரும்பாலும் எழுதுகிறவர் பிறகு கொண்டுவந்து வைப்பது. கேட்கிறவர் பிடித்துக்கொள்வது துண்டுகளைத்தான்.

அந்தத் துண்டுகளை முறையாகக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். ஒரு ஒலிப்பதிவு, பத்துப் பேர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். வசன வரி போடுகிறவர்கள், நேர்காணலை எழுத்தாக்குகிறவர்கள், மொழி ஆசிரியர்கள், பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளுக்குத் தரவு தயாரிப்பவர்கள், மொழியியல் மாணவர்கள் என எல்லோருக்கும் இது உதவும்.

தொடங்கும் முன் கொஞ்சம் பின்னணி

பிரிப்பது இரண்டு மட்டத்தில் நடக்கிறது. ஒன்று, ஒலியோட்டத்திலிருந்து சொற்களைப் பிரிப்பது. நாம் பேசும்போது சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடுவதில்லை. காகிதத்தில் இருக்கும் இடைவெளி கண்ணுக்கான வசதி. நன்னூல் 'பொதுமொழி' என்று ஒரு வகையைத் தனியாகச் சொல்வது இதனால்தான். வேங்கை என்றால் ஒரு விலங்கு, ஒரு மரம். வேம் கை என்று பிரித்தால் வேகின்ற கை. தாமரை, எட்டு எல்லாம் அப்படித்தான். சிலேடைப் பாடல்கள் பல இந்த ஓட்டையில் விளையாடியவைதான்.

குழந்தை இந்தப் பிரிப்பை எப்படிக் கற்கிறது? 1996இல் ஜென்னி சாஃப்ரான், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் 8 மாதக் குழந்தைகளுக்குப் பொருளற்ற சொற்களைக் கோத்து, நிறுத்தமே இல்லாமல் 2 நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் சொல் எல்லைகளைப் பிடித்திருந்தன.

இரண்டாவது மட்டம், பிரித்த சொற்களை அள்ளிக் கட்டுவது. நமக்கு வேண்டியது இதுதான். மனத்தின் உடனடி நினைவு சிறியது. ஏழு, கூடக்குறைய இரண்டு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். அது கிட்டத்தட்ட நான்குதான் என்று நெல்சன் கோவன் 2001இல் குறைத்தார். பேச்சோ காற்றோடு போய்விடுகிறது, திருப்பிப் பார்க்க வழியில்லை. அதனால் கேட்டதை உடனுக்குடன் மூட்டை கட்டி மேலே அனுப்பியே ஆகவேண்டும். தாமதித்தால் அடுத்தது வந்து முந்தையதை அழித்துவிடும். மார்ட்டென் கிறிஸ்டியன்சென், நிக் சேட்டர் இருவரும் 2016இல் வைத்த வாதத்தின் சாரம் இது. இதை ஏற்றுக்கொண்டால், கேட்ட கணத்தில் போட்ட கோடுதான் உண்மையான தரவு என்றாகிறது. பிறகு யோசித்துத் திருத்தியது வேறொரு வேலையின் விளைவு. இந்த வழிகாட்டி முழுக்க நான் விடாப்பிடியாக நிற்கப்போகும் இடம் இதுதான்.

படி 1: ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுப்பது

படித்துக் காட்டுவது, மேடைப்பேச்சு, செய்தி வாசிப்பு வேண்டாம். அவற்றில் எழுத்து ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கும். இருவர் சாதாரணமாகப் பேசுவதில், ஒருவர் கொஞ்சம் நீளமாக ஏதோ சொல்லும் பகுதியை எடுங்கள். 20 முதல் 30 விநாடி போதும். தொனி அலகுகள், அதாவது ஒரே தொனி ஓட்டத்தில் சொல்லி முடிக்கும் துண்டுகள், ஏறத்தாழ விநாடிக்கு ஒன்று என்ற தாளத்தில் வருவதாக ஆறு மொழிகளின் பதிவுகளை வைத்து 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தக் கணக்கில் 30 விநாடித் துணுக்கில் சுமார் 30 எல்லைகள் கிடைக்கும். பேசியவரின் சம்மதத்தை மட்டும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

இப்படிப் பத்துத் துணுக்குகள், கூடுமானால் வெவ்வேறு ஆட்களுடையவை. ஒருவரை மட்டும் வைத்தால் அவருடைய பேச்சுப் பழக்கத்தைத்தான் அளப்பீர்கள்.

படி 2: எழுத்துப்படி

பெரும்பாலானோர் வேலையைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான். 'சொல்லிட்டு' என்று காதில் விழுந்தால் கை 'சொல்லிவிட்டு' என்று எழுதுகிறது. திக்கிய இடத்தை விழுங்கிவிடுகிறது. 'வந்து'வைத் தூக்கிவிடுகிறது. வினைமுற்று வந்ததும் புள்ளி வைக்கிறது. கேட்பவர் செய்ய வேண்டிய பிரிப்பை எழுதுகிறவரே முடித்துக் கொடுத்துவிடுகிறார். நானும் முதன்முதலில் ஒரு நேர்காணலை எழுத்தாக்கியபோது இதைத்தான் செய்தேன். அழகாக வந்திருந்தது, எதற்கும் உதவவில்லை.

ஆகவே, கேட்டது கேட்டபடி. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பத்தி எதுவும் கூடாது. பாதியில் முறிந்த சொல்லையும் முறிந்தபடியே எழுதுங்கள். 'ம்', 'ஆங்' எல்லாம் இருக்கட்டும்.

அடுத்து சொல் இடைவெளி. தமிழில் இது தலைவலிதான். 'பண்ணிட்டிருந்தான்' ஒரு சொல்லா மூன்றா? கேட்பவர் கோடு போடக்கூடியது நீங்கள் விட்ட இடைவெளியில் மட்டும்தான், எனவே இதில் அலட்சியம் ஆகாது. நான் வைத்துக்கொள்ளும் விதி எளிது: பேச்சில் தனியாக நிறுத்திச் சொல்ல முடியாத எதையும் முன் சொல்லோடு ஒட்டுவது. -ன்னு, -ன்னா, -ல, -ஆம், -தான் எல்லாம் ஒட்டும். 'பண்ணிட்டிருந்தான்' ஒரே சொல். எந்த விதியை எடுத்தாலும் சரி, எல்லாத் துணுக்கிலும் அதையே பின்பற்றுங்கள். இரண்டாவது ஆள் ஒருவர் பதிவைக் கேட்டு எழுத்துப்படியைச் சரிபார்ப்பது நல்லது.

படி 3: கோடு போட வைப்பது

ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் அன்னா மௌரானென் குழுவினர் இதற்குக் கைக்கணினியைப் பயன்படுத்தினார்கள்: ஒலி ஓட ஓட, திரையில் இருக்கும் எழுத்துப்படியில் சொற்களுக்கு நடுவே தொட்டுக் குறிப்பது. ஜெனிபர் கோல் குழுவினர் அச்சிட்ட தாளிலேயே செய்தார்கள். தாளும் பென்சிலும் போதும். பென்சிலைவிடப் பேனா மேல், அழிக்க முடியாது.

பங்கேற்பாளர்களுக்குச் சொல்லும் வார்த்தைகளை முன்கூட்டியே எழுதி வைத்து, எல்லோருக்கும் ஒரே மாதிரி படித்துக் காட்டுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: "கேட்டுக்கிட்டே படிங்க. ஒரு துண்டு முடிஞ்சு இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு தோணுற இடத்துல கோடு போடுங்க. யோசிக்க வேண்டாம். சரி தப்புன்னு எதுவும் இல்ல."

'துண்டுன்னா என்ன?' என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். விளக்காதீர்கள். மூச்சு விடும் இடம் என்று சொன்னால் மூச்சைத் தேடுவார்கள், பொருள் முடியும் இடம் என்று சொன்னால் இலக்கண வகுப்புக்குப் போய்விடுவார்கள், வாக்கியம் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது. 'உங்களுக்குத் தோணுறதுதான்' என்று சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பழகிக்கொள்ள ஒரு துணுக்கைக் கொடுங்கள், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒரே ஒரு முறைதான் ஒலிபரப்ப வேண்டும். துணுக்கு முடிந்ததும் அதன் உள்ளடக்கத்தைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி கேளுங்கள் (பில் எங்கே இருந்தது?). அப்போதுதான் ஒலியை மட்டும் பின்தொடராமல் புரிந்து கேட்பார்கள்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. கண் காதைவிட முன்னே ஓடும், அடுத்த சொல் என்ன என்று தாள் காட்டிவிடும். முழுக்கத் தவிர்க்க முடியாது. கடைசிப் படியில் இதற்குப் பாதி மாற்று சொல்கிறேன். ஆட்கள் குறைந்தது பத்து. பதினைந்து இருபது கிடைத்தால் நிம்மதி.

படி 4: எண்ணுவது

ஒவ்வொரு இடைவெளிக்கும், எத்தனை பேர் கோடு போட்டார்கள் என்ற விகிதத்தை எழுதுங்கள். மேலே உள்ள பேச்சில் 27 சொற்கள், 26 இடைவெளிகள். அவற்றில் பலவற்றில் யாருமே கோடு போட மாட்டார்கள் ('அந்த', 'போன்' நடுவே யார் வெட்டுவார்?). சிலவற்றில் ஏறக்குறைய எல்லோரும் போடுவார்கள். நடுவில் சில சுவாரசியமான இடங்கள் மிஞ்சும்.

இரண்டு பேர் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்பதை வெறும் சதவீதமாகச் சொல்வது ஏமாற்று. 100 இடைவெளிகளில் ஆளுக்கு 20 கோடு கண்ணை மூடிக்கொண்டு போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் போடாத இடம் சராசரியாக 64, இருவரும் போட்ட இடம் 4. ஆக, தற்செயலாகவே 68 சதவீத ஒற்றுமை! அந்தத் தற்செயலைக் கழித்துச் சொல்லும் அளவுதான் காப்பா. இருவருக்கு ஜேக்கப் கோஹென் 1960இல் கொடுத்தது, பலருக்கு ஜோசப் ஃபிளைஸ் 1971இல் கொடுத்தது. அறிக்கை எழுதப்போகிறீர்கள் என்றால் இரண்டாவதைப் போடுங்கள். உங்கள் ஆர்வத்துக்கு மட்டும் என்றால் விகிதமே போதும்.

பாதிக்கு மேல் பேர் போட்டால் அது எல்லை என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். அது வசதிக்கான வரம்பு, அவ்வளவுதான். மூன்று பேர் மட்டும் கோடு போட்ட இடத்தைத் தவறு என்று தள்ளிவிடாதீர்கள்.

படி 5: ஏன் அங்கே?

இனிதான் ருசியான பகுதி. அதிகக் கோடு விழுந்த இடங்களில் ஒலியில் என்ன நடக்கிறது, இலக்கணத்தில் என்ன நடக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டில் எது எல்லையை உண்டாக்குகிறது என்பது பழைய கேள்வி, இரண்டு பக்கமும் அழுத்தமான சான்று இருக்கிறது.

ஜெர்ரி ஃபோடரும் தாமஸ் பீவரும் 1965இல், ஓடிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் நடுவே ஒரு 'டிக்' சத்தத்தைச் செருகினார்கள். கேட்டவர்கள் அந்தச் சத்தம் உண்மையில் இருந்த இடத்தைச் சொல்லாமல், வாக்கிய உறுப்பின் எல்லையை ஒட்டி நகர்த்திச் சொன்னார்கள். அப்படியென்றால் எல்லையில் ஏதோ நிறுத்தம் கேட்டிருக்குமோ? 1966இல் மெரில் காரெட்டும் இந்த இருவரும் சேர்ந்து அந்தச் சந்தேகத்தையும் அடைத்தார்கள்: பின்பாதி ஒரே பதிவு, முன்பாதி மட்டும் வேறு. ஒலி மாறவில்லை, ஆனால் முன்பாதியால் இலக்கண எல்லை இடம் மாறியது. சத்தம் கேட்ட இடமும் கூடவே மாறியது. காது வெட்டுவது வெறும் ஒலியை அல்ல.

மறுபக்கம், நிகோலாஸ் ஹிம்மெல்மானும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்டது. தங்களுக்குத் தெரியாத பாப்புவா பகுதி மொழிகளின் பதிவுகளை ஜெர்மன் பேசுவோர் கேட்டு, பெருமளவு ஒத்துப்போகும்படி பிரித்தார்கள். சொல்லே புரியாமல்! ஆகவே ஒலியிலும் எல்லை எழுதியிருக்கிறது. என் அனுபவத்தில், இரண்டும் கைகோக்கும் இடத்தில் பத்துக்குப் பத்து விழும். பிரியும் இடத்தில்தான் நான்கு, ஐந்து, ஆறு.

ஒலியை அளக்க பிராட் என்ற இலவச மென்பொருள் போதும். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போயர்ஸ்மா, டேவிட் வேனின்க் எழுதியது. பார்க்க வேண்டியவை: நிறுத்தம், துண்டின் கடைசி அசை நீள்வது, குரலின் சுருதி இறங்கி அடுத்த துண்டில் மறுபடி மேலே தொடங்குவது, முடிவில் குரல் கரகரத்துத் தேய்வது, அடுத்ததன் தொடக்க அசைகள் வேகமாக உதிர்வது.

நிறுத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். 'ஒரு... பெரிய...' என்று சொல் தேடி நிற்கும் நிறுத்தம் துண்டை முடிப்பதில்லை, கேட்பவர் காத்திருக்கிறார். நிறுத்தமே இல்லாமல் முடியும் துண்டுகளும் ஏராளம். ஃபிரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் தன் ஆய்வுகளில் 250 மில்லிவிநாடிக்குக் குறைந்த அமைதியைத் தயக்கமாக எண்ணவில்லை. தமிழுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்: 'பத்து', 'பட்டம்' போன்றவற்றில் ஒற்று அடைத்துக்கொள்ளும் கணம் திரையில் அமைதியாகத்தான் தெரியும். அதை நிறுத்தம் என்று எண்ணிவிடாதீர்கள்.

இலக்கணப் பக்கம் தமிழ் தனி ரகம். நம் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதுவரை கேட்பவர் கட்டாமல் காத்திருந்தால் தலை வெடித்துவிடும், ஆகவே வழியில் கிடைக்கும் எச்சங்களில் கட்டுகிறார். 'வீடு முழுக்க தேடி' முற்றுப்பெறாதது, ஆனாலும் முழுத் துண்டு. 'எழுந்து குளிச்சு கிளம்பி போய்' என்று வேகமாக அடுக்கினால் நான்கு எச்சமும் ஒரே துண்டாகிவிடும். நிதானமாக, ஒவ்வொன்றும் மேலேறும் சுருதியில் முடிந்தால் நான்கு துண்டு. எச்சம் வாய்ப்பைத் தருகிறது, தொனி அதை எடுத்துக்கொள்கிறது அல்லது விட்டுவிடுகிறது. 'பார்த்தா', 'வந்தேன்னா' போன்ற நிபந்தனை வடிவங்களுக்குப் பின் கோடு விழுவது இன்னும் உறுதி. 'இன்னும் இருக்கு, கேள்' என்று அவை வாயாலேயே சொல்கின்றன.

-ன்னு இன்னும் தந்திரமானது. 'வரேன்னு சொன்னான்' என்பதை யாரும் வெட்ட மாட்டார்கள். 'நாளைக்கு காலைல வந்து எல்லாத்தையும் முடிச்சு குடுத்துடறேன்னு சொன்னான்' என்பதில் -ன்னுக்குப் பின் கோடு விழத் தொடங்கும். இலக்கணம் இரண்டிலும் ஒன்றே, மாறியது எடை. அதே நேரம், இந்த இரண்டாவதில் 'சொன்னான்' வரும்முன்பே கேட்பவருக்கு அது வரப்போவது தெரியும். பேச்சு எப்போது முடியும் என்பதைக் கேட்பவர்கள் முன்கூட்டியே கணிக்கிறார்கள்; டான்யா ஸ்டிவர்ஸ் தலைமையில் 10 மொழிகளை ஒப்பிட்ட 2009ஆம் ஆண்டு ஆய்வில், ஒருவர் முடித்து மற்றவர் பதில் தொடங்கும் இடைவெளி சராசரியாக 200 மில்லிவிநாடியை ஒட்டி இருந்தது. முடிந்த பிறகு யோசித்தால் இவ்வளவு விரைவில் வாய் திறக்க முடியாது.

பேச்சுத் தமிழில் வினைக்குப் பின்னாலும் சொற்கள் தொங்கும்: 'வந்துட்டான் அவன் நேத்தே'. ஒரே மூச்சில் இறங்கினால் ஒரு துண்டு. 'நேத்தே' தனக்கென ஏறி இறங்கினால் தனித் துண்டு, பேசியவர் பிறகு நினைவு வந்து சேர்த்தது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

படி 6: துண்டுகளுக்குப் பெயர் வைப்பது

ஜான் சின்க்ளேரும் அன்னா மௌரானெனும் 2006இல் முன்வைத்த பிரிவினை இங்கே நன்றாக உதவுகிறது. செய்தி சொல்லும் துண்டுகள் ஒரு பக்கம், பேச்சை ஒழுங்குபடுத்தும் துண்டுகள் மறுபக்கம். 'பில்ல காணோம்' செய்தி. 'நான் என்ன சொல்ல வந்தேன்னா', 'சரி', 'அப்புறம் பார்த்தா' ஒழுங்கு. முறிந்துபோன செய்தி, பிறகு வந்து நிறைவு செய்யும் செய்தி, திருத்தும் செய்தி என்று உட்பிரிவும் உண்டு. 'செவ்வா இல்ல புதன்கிழமை' என்றால் முதலாவது கைவிடப்பட்டது, 'இல்ல' பழுதுபார்ப்பை அறிவிப்பது, பிறகு திருத்தம். வசன வரி போடுகிறவர்கள் இடம் போதாமல் எதையாவது நீக்க வேண்டிவந்தால், ஒழுங்குத் துண்டில் கை வைப்பதே சேதம் குறைவு. ஆனால் 'சரி'யைத் தூக்கும்முன் ஒரு கணம் நில்லுங்கள். கதை திரும்புவதே சில சமயம் அதில்தான்.

மொழியியலாளர் வாலஸ் சேஃப் சொன்னதையும் சோதித்துப் பாருங்கள்: ஒரு தொனி அலகில் புதிய சேதி ஒன்றுக்கு மேல் வராது. அவர் கணக்கில் ஆங்கிலத்தில் பொருளுள்ள அலகின் சராசரி நீளம் 4.84 சொற்கள். ஒரே சொல்லில் நிறையத் திணிக்கும் செனெகா என்ற வட அமெரிக்கப் பழங்குடி மொழியில் சுமார் 2. நம் எடுத்துக்காட்டை 9 துண்டாக வெட்டினால் சராசரி 3. உருபும் விகுதியும் ஒட்டி வளரும் மொழிக்கு இது இயல்புதான். ஆகவே மொழிகளை ஒப்பிடும்போது சொற்களை எண்ணாமல், விநாடியையோ அசைகளையோ எண்ணுங்கள்.

படி 7: எழுத்துப்படி மட்டும், ஒலி மட்டும்

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு குழு. ஒன்றுக்குத் தாளை மட்டும் கொடுத்து, ஒலி இல்லாமல் கோடு போடச் சொல்லுங்கள். மற்றொன்றுக்கு ஒலியை மட்டும் கொடுத்து, துண்டு முடிந்ததாகத் தோன்றும்போது ஒரு விசையைத் தட்டச் சொல்லுங்கள். தட்டுவது எல்லையைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். ஒவ்வொருவரின் சராசரித் தாமதத்தையும் பழக்கத் துணுக்கில் பார்த்துக் கழித்துவிடுங்கள்.

பிறகு மூன்று வரிசையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தாள் குழுவும் போட்ட கோடு இலக்கணத்திலிருந்தோ பொருளிலிருந்தோ வந்தது. தாள் குழு விட்டுவிட்டு மற்ற இரண்டும் போட்டது தொனி செய்த வேலை. நம் எடுத்துக்காட்டில் இந்தச் சோதனைக்கு நல்ல இடம் முதல் வரியில் உள்ள 'வந்து'. எழுத்தில் மட்டும் பார்த்தால் அது முன்னதற்கா பின்னதற்கா என்று சொல்ல வழியில்லை, கோடுகள் இரண்டு பக்கமும் சிதறும். ஒலியில் கேளுங்கள்: 'வந்தூ' என்று இழுத்து நின்றால் அது முந்தைய துண்டின் வால், விரைந்து 'அந்த'வோடு ஓடினால் அடுத்ததன் தலை, இரண்டு பக்கமும் நின்றால் அதுவே ஒரு துண்டு, பேசியவர் அடுத்ததைத் தேடுகிறார்.